முன்கூடத்தில் நின்று அளந்த வேகம்

1. சொருகினால் போதும்

எங்கள் ஆபீசுக்கு முதன்முதலாக ரிப்பீட்டர் பெட்டிகள் வந்து இறங்கிய அன்று மேனேஜர் ரொம்ப உற்சாகமாக இருந்தார். உள்ளங்கை அளவு வெள்ளைப் பெட்டி. பின்னால் பிளக், மேலே இரண்டு ஆண்டெனா. அதில் ஒன்றைத் தூக்கிக் காட்டி, "இனிமே வீட்டுக்குள்ள ஒயர் இழுக்கிற சோலியே கிடையாது. சுவத்துல சொருகு, பட்டனை அமுக்கு, அடுத்த வீட்டுக்குப் போ" என்றார்.

உண்மையைச் சொன்னால் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. டெலிபோன் லைன்மேனாகத் தொடங்கி, பிறகு தூத்துக்குடியில் வீடுகளுக்கு இன்டர்நெட் இணைப்பு கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் டெக்னீஷியனாகச் சேர்ந்தவன் நான். பாதி வாழ்க்கை ஏணியில்தான் போயிற்று. முட்டி இரண்டும் எப்போது வேண்டுமானாலும் வேலைநிறுத்தம் செய்வேன் என்று மிரட்டிக்கொண்டிருந்த காலம் அது. சுவரில் சொருகினால் போதும் என்று ஒருவர் சொன்னால் யாருக்குத்தான் கசக்கும்?

இப்போது ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னைக் கூப்பிட்டுக் கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான். ரிப்பீட்டர் போட்ட பிறகு வேகம் ஏன் பாதியாகிறது? போனில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதிவைக்கிறேன்.

ரௌட்டர் வீட்டின் முன்னறையில் இருக்கும். சுவர் தாண்டத் தாண்ட அதன் சிக்னல் தேய்ந்துகொண்டே போகும். நடுவில் ஒரு ரிப்பீட்டர் வைத்தால் அது ரௌட்டர் சொல்வதை வாங்கி, பின்னால் இருக்கிறவர்களுக்குத் திரும்பச் சொல்லும். ஆனால் சாதாரண ரிப்பீட்டருக்குக் காதும் வாயும் ஒன்றுதான். கேட்கும்போது பேச முடியாது, பேசும்போது கேட்க முடியாது. ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு மடங்கு நேரம் ஆகும். வேகம் பாதியாவது இதனால்தான். அதற்குப் பின்னால் இன்னொரு ரிப்பீட்டர் வைத்தால் பாதியில் பாதி. நடைமுறையில் அதைவிடவும் மோசம்.

இதில் பெரிய ஏமாற்று என்னவென்றால், போனில் தெரியும் கோடுகள். நம் ஊரில் அதற்கு 'டவர்' என்று பெயர். டவர் ஃபுல்லாக இருந்தால் எல்லாம் சரி என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். போன் காட்டுவது பக்கத்தில் இருக்கும் ரிப்பீட்டருக்கும் தனக்கும் உள்ள நெருக்கத்தை மட்டும்தான். அந்த ரிப்பீட்டருக்கு ரௌட்டரிலிருந்து என்ன வருகிறது என்று கோடு சொல்லாது.

மில்லர்புரத்தில் பேங்க் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு சார், பின்பக்கப் படுக்கையறையில் ரிப்பீட்டரை மாட்டிவைத்துவிட்டு, நெட் நகரவில்லை என்று கம்ப்ளெயின்ட் மேல் கம்ப்ளெயின்டாகக் கொடுத்தார். போய்ப் பார்த்தால் அந்த அறையில் ரௌட்டர் சிக்னல் செத்துப்போய்க் கிடக்கிறது. "சிக்னல் இல்லாத இடத்துலதானய்யா அதை வைக்கணும்?" என்று என்னிடமே சட்டம் பேசினார். "சார், அது சிக்னலை உண்டாக்குற மிஷின் இல்லை. வாங்கிக் குடுக்குற மிஷின். வாங்குறதுக்கே ஒண்ணும் இல்லாத இடத்துல வச்சா எதைக் குடுக்கும்?" என்றேன். ஸ்பீடு டெஸ்ட் ஓட்டிக் காண்பித்த பிறகுதான் அடங்கினார். அன்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் இதைப் பெருமையாகச் சொல்லிச் சிரித்தேன். படித்த மனுஷனுக்கே புரியவில்லை பார் என்றேன்.

இந்தத் திமிரை மறைக்காமல் எழுதுகிறேன். அடுத்து நான் செய்த காரியத்துக்கு, தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. தெரிந்துதான் செய்தேன்.

2. மூன்றாம் கட்டு

காயல்பட்டினம் எனக்குப் பல வருடப் பழக்கம். அந்த ஊர் வீடுகள் தெருவில் தொடங்கிப் பின்னால் இருக்கும் முடுக்கு என்கிற குறுகிய சந்து வரை நீளமாகப் போகும். முன்கூடம் வந்துபோகும் ஆண்களுக்கு. அதைத் தாண்டி இரண்டாம் கட்டு, அதற்கும் பின்னால் மூன்றாம் கட்டு. அது பெண்கள் புழங்குகிற இடம். பின்பக்க முடுக்கு வழியாகப் பெண்கள் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போய்வருவார்கள். வெளி ஆண்கள் அந்த வழியில் நடமாடுவதில்லை.

இதெல்லாம் எனக்கு அத்துப்படி. முன்கூடத்தைத் தாண்டி ஒரு எட்டு வைக்க மாட்டேன். 'அண்ணாச்சி மரியாதை தெரிஞ்ச ஆளு' என்று அந்த ஊரில் எனக்குப் பேர். மற்ற டெக்னீஷியன்கள் போனால் வாசலிலேயே விசாரிப்பார்கள், நான் போனால் டீ வரும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

அங்கே மொய்தீன் பாய் என்று ஒருவர். பஜாரில் செருப்புக் கடை வைத்திருந்தார். அந்த ஊர் வழக்கப்படி கல்யாணமான நாளிலிருந்து மனைவியின் வீட்டில்தான் குடியிருந்தார். மனைவி ஜைனப். ஜைனபின் தாயார் ஆமினா உம்மா பக்கவாதம் வந்து மூன்றாம் கட்டில் கட்டிலோடு கிடந்தார். ஒரு பக்கம் கையும் காலும் வராது. பேச்சும் குழறிவிட்டது. காதைக் கிட்டே கொண்டுபோய் வைத்தால்தான் என்ன சொல்கிறார் என்று தெரியுமாம், அதுவும் ஜைனபுக்கு மட்டும்தான் புரியுமாம். கட்டிலை விட்டு நகர்த்தக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ஆமினா உம்மாவுக்கு ஒரே மகன், சாகுல். ஜைனபின் தம்பி. சவூதியில் அவன் வேலை பார்த்த கம்பெனி படுத்துவிட்டது. பாஸ்போர்ட்டைக் கம்பெனிக்காரர்கள் பிடித்துவைத்துக்கொள்ள, ஊருக்கு வருவதற்கான பேப்பர் கிடைக்காமல், கிடைத்த வேலையைச் செய்துகொண்டு அங்கேயே கிடந்தான். அவன் கடைசியாக ஊருக்கு வந்து நாலு வருடம் ஆகியிருந்தது. தாயாருக்கு இப்படி ஆன பிறகு அவனுக்கு இருந்த ஒரே வழி வீடியோ கால். அவனுடைய மதியச் சாப்பாட்டு நேரம், நமக்கு இரண்டரை மணி. தினமும் அந்த நேரத்துக்குத்தான் கூப்பிடுவான். உம்மாவுக்குக் கண்ணும் மங்கல் என்பதால் முகம் பெரிதாகத் தெரியட்டும் என்று மொய்தீன் பாய் ஒரு டேப்லெட் வாங்கியிருந்தார். டேப்லெட் வந்துவிட்டது. மூன்றாம் கட்டுக்கு நெட் வரவில்லை.

அதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். ரௌட்டர் முன்கூடத்தில் இருந்தது. சுவர்கள் பழைய சுண்ணாம்புச் சுவர்கள், முழங்கை நீளத்துக்குத் தடிமன். இரண்டாம் கட்டில் வரிசையாக இரும்பு பீரோக்கள். சிக்னலுக்கு இதைவிடப் பெரிய விரோதிகள் கிடையாது. சரியான வேலை என்னவென்று பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. ரௌட்டரிலிருந்து ஒரு கேபிளை வெளிச்சுவர் ஓரமாகவே கொண்டுபோய், பின்பக்க முடுக்கு வழியாக மூன்றாம் கட்டுக்குள் இறக்கி, கேபிளில் வருவதை அங்கேயே வைஃபையாகக் கொடுக்கிற ஆக்சஸ் பாயின்ட் ஒன்றைத் தனியாக வைக்க வேண்டும். கேபிளில் போனால் வேகம் குறையாது.

மொய்தீன் பாயே கேட்டார். "ஒயர் கியர் இழுக்கணுமா அண்ணாச்சி?"

நான் சொன்னேன்: "எதுக்கு பாய் தொந்தரவு, பொம்பளையாளுக புழங்குற இடம். இந்தப் பெட்டியை வச்சிருவோம், போதும்."

அவர் மறுத்துப் பேசவில்லை. நான்தான் விவரம் தெரிந்தவன். அன்று துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் எனக்கு வேலை காத்துக்கொண்டிருந்தது, அதுவும் ஒரு காரணம். முடுக்கில் ஏணி போட வேண்டும், முட்டி வலிக்கும், அதுவும் ஒரு காரணம். ஆனால் வாயில் வந்தது மரியாதை மட்டும்தான்.

ரிப்பீட்டரை மொய்தீன் பாய் கையில் கொடுத்து, இரண்டாம் கட்டில் முற்றத்தை ஒட்டிய பிளக்கில் மாட்டச் சொன்னேன். நான் முன்கூடத்தில் நின்றுகொண்டேன். என் போனில் ஸ்பீடு டெஸ்ட் ஓட்டினேன். தொண்ணூறு எம்பிக்கு மேல் காட்டியது. ரௌட்டருக்கு இரண்டடி தள்ளி நின்றால் காட்டாமல் என்ன செய்யும்? பிறகு உள்ளே கேட்கிற மாதிரி குரல் கொடுத்தேன்.

"எத்தனை கோடு தெரியுதும்மா?"

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து ஜைனபின் குரல் வந்தது. "ரெண்டு கோடு அண்ணாச்சி."

வண்டிப் பெட்டியில் இன்னொரு ரிப்பீட்டர் இருந்தது. அதையும் எடுத்துக் கொடுத்து, உம்மா கட்டிலுக்குப் பக்கத்துப் பிளக்கில் மாட்டச் சொன்னேன். மில்லர்புரம் சாருக்குப் பாடம் எடுத்த எனக்கு, இது பாதியில் பாதி என்று தெரியாதா?

"இப்பம் நாலு கோடும் இருக்கு அண்ணாச்சி" என்றார் ஜைனப். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

மொய்தீன் பாயிடம் என் போனைக் கொடுத்து, உள்ளே கட்டில் பக்கம் நின்று ஒரு டெஸ்ட் ஓட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். அவர் அந்த வீட்டு ஆள், தாராளமாக உள்ளே போகலாம். ஒரு நிமிட வேலை. அதைக்கூடச் சொல்லவில்லை. டீயைக் குடித்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

3. பத்து வரை எண்ணுதல்

நாலு நாள் கழித்து ஜைனப் கூப்பிட்டார். டவர் ஃபுல்லாக இருக்கிறது, ஆனால் தம்பியின் முகம் அப்படியே நின்றுவிடுகிறது, குரல் விட்டு விட்டு வருகிறது என்றார். வீடியோ காலுக்குப் பெரிய வேகம் வேண்டியதில்லை, வருவது விடாமல் வர வேண்டும். இரண்டு ரிப்பீட்டர் தாண்டி வருகிற சிக்னல் விடாமல் வராது. இதையும் அவரிடம் நான் சொல்லவில்லை.

"முதல்ல ரெண்டாங்கட்டுல இருக்கிற பெட்டியைக் கழட்டுங்கம்மா. பத்து வரைக்கும் எண்ணிட்டு மறுபடி மாட்டுங்க. பச்சை லைட்டு வந்தா சரியாயிரும்" என்றேன்.

சரியானது. கழற்றி மாட்டினால் கொஞ்ச நேரத்துக்கு எதுவும் சரியாகத்தான் இருக்கும். கம்ப்ளெயின்டை முடித்துவைத்தேன். அதன் பிறகு இது வாடிக்கையாகிவிட்டது. வாரத்துக்கு இரண்டு தடவை கூப்பிடுவார், நான் அதையே சொல்வேன். பிறகு பிறகு அவரே, "கழட்டி மாட்டிட்டேன் அண்ணாச்சி, சும்மா சொல்லி வைப்போம்னு கூப்பிட்டேன்" என்று சொல்ல ஆரம்பித்தார். நான் பாராட்டினேன். என் வேலையில் பாதியை அந்தப் பெண் படித்துவிட்டது என்று ஆபீசில் தமாஷாகச் சொல்வேன்.

ஒருநாள் போன் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். உம்மாவுக்கு, முகம் நின்றுபோனால் மகன் தன் பேச்சைக் கேட்கவில்லை என்று தெரியாதாம். அசையாத முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருப்பாராம். மறுபடி லைன் வந்ததும் சாகுல் "என்ன சொன்னீங்க உம்மா?" என்று கேட்பானாம். அவருக்கு மறுபடி சொல்லத் தெம்பு இருக்காதாம். பக்கத்தில் இருக்கும் ஜைனப்தான், "கஞ்சி குடிச்சியான்னு கேட்காங்க", "நீ மெலிஞ்சு போயிட்டேன்னு சொல்லுதாங்க" என்று எடுத்துச் சொல்வாராம்.

அன்று எனக்கு உறுத்தியது. அடுத்த வாரம் கேபிளோடு போய்விட வேண்டும் என்று நினைத்தேன். அடுத்த வாரம் சாகுபுரம் குவார்ட்டர்ஸில் புது இணைப்பு வேலை வந்தது. அதற்கடுத்த வாரம் வேறு ஏதோ. நினைத்ததோடு சரி.

4. இரண்டரை மணி

அன்று துறைமுகத்தில் இருந்தேன். பழைய கன்டெய்னர் ஒன்றில் ஜன்னல் வெட்டி ஏசி மாட்டி ஆபீசாக்கியிருந்தார்கள். நாலு பக்கமும் இரும்பு. அந்த ஆபீஸ்காரர் ரிப்பீட்டர் போதுமே என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இரும்புக்குள் ரிப்பீட்டர் செல்லுபடியாகாது, கேபிள்தான் சரி என்று வாதாடி, வெளியே பைப் ஓட்டிக்கொண்டிருந்தேன். கப்பல் சரக்கு விவரம் போவதற்கு அப்படி ஒரு அக்கறை.

ஜைனபின் அழைப்பு வந்தது. குரலில் பதற்றம் இருந்தது. மொய்தீன் பாய் கடையில் இருந்தார். வீட்டில் ஜைனபும் உம்மாவும் மட்டும்தான்.

"முகம் நின்னு போச்சு அண்ணாச்சி. உம்மா இன்னைக்கு அவன்கிட்ட என்னமோ சொல்லணும்னு துடிக்காங்க. காலையிலேருந்தே தம்பி எப்பம் வருவான், எப்பம் வருவான்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"பதறாதீங்கம்மா. ரெண்டு பெட்டியையும் கழட்டுங்க. ரெண்டாங்கட்டுல உள்ளதை மாட்டி, பச்சை வந்த பிறகு கட்டில் பக்கத்துல உள்ளதை மாட்டணும். நான் லைன்லயே இருக்கேன்."

அவர் எழுந்து போனார். நான்தான் போகச் சொன்னேன். போன் அவர் கையிலேயே இருந்தது. நடக்கிற சத்தம் கேட்டது. பத்து வரை எண்ணியது கேட்டது. பிறகு பச்சை லைட்டுக்காக நின்றார். அது வருவதற்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும். வந்துவிட்டதா என்று இரண்டு தடவை கேட்டேன். மினுங்குது, மினுங்குது என்றார். பிறகு, "பச்சை வந்துட்டு அண்ணாச்சி" என்றார். மூன்றாம் கட்டுக்கு ஓடுகிற சத்தம் கேட்டது. இரண்டாவது பெட்டியை மாட்டியிருப்பார், கொஞ்ச நேரம் சத்தமில்லை.

பிறகு "உம்மா" என்று ஒரு தடவை கூப்பிட்டார். மறுபடியும் கூப்பிட்டார். மூன்றாவது தடவை கூப்பிட்டது வேறு மாதிரி இருந்தது.

அதே நேரத்தில் டேப்லெட்டில் லைன் வந்துவிட்டது. அக்காவை லாத்தா என்று கூப்பிடும் சாகுலின் குரல் என் காதில் சுத்தமாக விழுந்தது.

"லாத்தா, இப்பம் நல்லா தெரியுது. உம்மா தூங்கிட்டாங்களா?"

போன் கட்டானது. கையில் கேபிள் முனையை அழுத்துகிற கிரிம்பிங் கருவியோடு அந்தக் கன்டெய்னர் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. ஆபீஸ்காரர் வந்து, "நெட் வந்துட்டா அண்ணாச்சி?" என்று கேட்டார். வந்துவிட்டது என்றேன்.

5. அவர் கேட்டது

உம்மாவின் மையத்து அடக்கத்துக்கு நான் போகவில்லை. போவதற்கு முகம் இல்லை. பத்து நாள் கழித்து மொய்தீன் பாய் கூப்பிட்டார். சாகுலுக்கு இன்னமும் பேப்பர் கிடைக்கவில்லையாம். உம்மா கிடந்த இடத்தையாவது காட்டச் சொல்லி அழுகிறானாம். காட்டினால் படம் நின்று நின்று போகிறதாம். "கேபிளே இழுத்திருங்க அண்ணாச்சி" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

போனேன். முன்கூடத்தில் உட்கார்ந்தேன். வாங்க என்று சொல்லிவிட்டு மொய்தீன் பாய் எதிரில் உட்கார்ந்தார். கதவுக்குப் பின்னால் ஜைனப் வந்து நின்றது வளையல் சத்தத்தில் தெரிந்தது.

"அண்ணாச்சி, உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும்."

"கேளுங்கம்மா."

"நான் எந்திரிச்சுப் போனதுதான் தப்பா? போகாம பக்கத்துலயே இருந்திருந்தா உம்மா சொன்னதை நானாவது கேட்டிருப்பேன். அவன் தினமும் கேட்கான். உம்மா என்ன சொன்னாங்க லாத்தா, என்ன சொன்னாங்கன்னு. என்கிட்ட சொல்லுறதுக்கு ஒண்ணுமே இல்லை."

மொய்தீன் பாய் தலையைக் குனிந்துகொண்டார். பத்து நாளாக அந்தப் பெண் இதைத் தன் தலையில் தூக்கிச் சுமந்துகொண்டிருந்திருக்கிறார் என்று நினைத்தபோது, நான் செய்த தப்பைவிட அதை இத்தனை நாள் சொல்லாமல் இருந்ததுதான் பெரிய பாவமாகப் பட்டது.

"உங்க மேல தப்பு இல்லம்மா. அந்தப் பெட்டி இந்த வீட்டுக்கு ஆகாதுன்னு முதல் நாளே எனக்குத் தெரியும். கேபிள்தான் இழுத்திருக்கணும். உள்ள வரணும்னா உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு நானே நினைச்சுக்கிட்டு விட்டுட்டேன். ஏணி ஏறுறதுக்குச் சோம்பலும் பட்டேன்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

"ஒரு சத்தம் குடுத்திருந்தா நாங்க பக்கத்து வீட்டுக்கு ஒதுங்கியிருப்போமே அண்ணாச்சி. பைப்பு வேலைக்கு ஆள் வந்தா அப்படித்தானே ஒதுங்குதோம். உம்மாவுக்கும் ஒரு துப்பட்டியைப் போர்த்திவிட்டா முடிஞ்சு போச்சு. நீங்க கேட்கவே இல்லையே."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு முடுக்கு வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போதே முடுக்கில் இருந்த மற்ற பெண்களிடமும், அண்ணாச்சி வேலை பார்க்க வாராங்க, கொஞ்சம் உள்ள இருங்க என்று சொல்லிக்கொண்டு போனது கேட்டது. இவ்வளவுதான் விஷயம். இதைத்தான் நான் நடக்காத காரியம் என்று ஒதுக்கிவைத்திருந்தேன்.

ஏணியைப் போட்டேன். வெளிச்சுவர் ஓரமாக கிளிப் அடித்துக் கேபிளை முடுக்கு வரை கொண்டுபோய், மூன்றாம் கட்டுச் சுவரில் ஒரு துளை போட்டு உள்ளே இறக்கினேன். ஆக்சஸ் பாயின்ட்டை மாட்டினேன். இரண்டு ரிப்பீட்டர்களையும் கழற்றிப் பையில் போட்டேன். மொத்த வேலையும் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

மூன்றாம் கட்டுக்குள் அன்றுதான் முதன்முதலாகக் கால் வைத்தேன். கட்டில் அப்படியே இருந்தது, படுக்கையை மட்டும் எடுத்திருந்தார்கள். கட்டில் பக்கத்தில் நின்று ஸ்பீடு டெஸ்ட் ஓட்டினேன். தொண்ணூற்றி இரண்டு காட்டியது.

மொய்தீன் பாய் டேப்லெட்டில் சாகுலைக் கூப்பிட்டார். திரையில் வந்தவனுக்கு முப்பது வயதிருக்கும். கண் வீங்கியிருந்தது. பாய் அவனுக்குக் கட்டிலைக் காட்டினார், ஜன்னலைக் காட்டினார், உம்மா தஸ்பீஹ் மணிமாலை மாட்டிவைக்கும் ஆணியைக் காட்டினார். எங்கேயும் படம் நிற்கவில்லை. நெட் சரிசெய்ய வந்த அண்ணாச்சி இங்கேதான் இருக்கிறார் என்று அவர் சொன்னதும், அவரிடம் கொடுங்கள் மச்சான் என்றான்.

டேப்லெட்டை வாங்கினேன். திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று தயாராக இருந்தேன்.

"அண்ணாச்சி, அந்த நேரத்துல உம்மா பேசிக்கிட்டுதான் இருந்தாங்க. படம் நிக்கிறதுக்கு முன்னால அவங்க வாய் அசைஞ்சதை நான் பார்த்தேன். டேப்லெட் ஆன்லதான் இருந்துச்சு, மைக்கும் ஆன்லதான் இருந்துச்சு. அவங்க சொன்னது அந்தப் பெட்டிக்குள்ளயோ ரௌட்டருக்குள்ளயோ எங்கயாவது தங்கியிருக்குமா? எடுக்க முடியுமா?"

எத்தனையோ வாடிக்கையாளர்களுக்கு எத்தனையோ சமாதானம் சொன்ன வாய் இது. சர்வரில் பிரச்சினை, மழையில் கேபிள் போயிற்று, நாளைக்கு வந்துவிடும் என்று கூசாமல் சொல்லியிருக்கிறேன். பார்க்கிறேன் தம்பி, கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லத்தான் நாக்கு எழுந்தது. சொன்னால் அவன் வருடக்கணக்கில் காத்திருப்பான்.

"இல்லை தம்பி" என்றேன். "அது எதையும் வச்சுக்கிடாது. வந்து சேராதது போனது போனதுதான்."

அவன் தலையை ஆட்டினான். ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை. கண்ணீர் கன்னத்தில் இறங்கியதும், சட்டைக் கையால் அதைத் துடைத்ததும், மூக்கை உறிஞ்சிய சத்தமும் எல்லாம் தெளிவாக வந்தது. சரி அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு அவனே காலை முடித்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு நாலு வருடம் வேலை பார்த்தேன். இளையவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விக்கு நான் கொடுக்கக்கூடிய பதில் இதுதான். கோடு எத்தனை என்று யாரிடமும் கேட்காதீர்கள். அந்த நெட்டை யார், எந்த இடத்தில் உட்கார்ந்து, எதற்காகப் பயன்படுத்தப்போகிறார்கள் என்று கேளுங்கள். அந்த இடத்துக்கே போய் நின்று அளந்து பாருங்கள். கேபிள் இழுக்க முடிகிற வீட்டில் ரிப்பீட்டர் வைக்காதீர்கள்.

காயல்பட்டினத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் முன்கூடத்தில் நின்று, "உள்ளே வந்து அளக்கணும்மா, பத்து நிமிஷம் ஒதுங்கிக்கிட முடியுமா?" என்று கேட்டேன். அந்த நாலு வருடத்தில் ஒரு வீட்டில்கூட முடியாது என்று சொல்லவில்லை.